தப்பைக் கண்டுபிடித்தவளோடு சண்டை போட்டிருக்கும் என் மகனுக்கு

பிரபு,

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ போனை எடுக்கவில்லை. வாய்ஸ் நோட் அனுப்பினால் வேகத்தைக் கூட்டிவிட்டுப் பாதிதான் கேட்பாய் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் தாளில் எழுதி ஐரோலிக்கு உன் அறைக்கே அனுப்புகிறேன். மும்பையிலேயே வளர்ந்தவன், தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். பரவாயில்லை, படி. ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். இந்த ஒரு தடவையாவது நான் சொல்லி முடிப்பதற்குள் நீ குறுக்கே பேச முடியாது. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "கோவமா எழுதாதீய, பிள்ளை மனசு ஒடைஞ்சிரும்" என்கிறாள். எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் கல்யாணம். மாட்டுங்காவில் அழைப்பிதழ் அச்சடிக்கிற மனுஷன் தினமும் இரண்டு தடவை கூப்பிடுகிறான். "சார், பிரிண்ட் போடவா, நிறுத்தவா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார்" என்கிறான். நீ வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "கார்டு அடிக்க வேண்டாம்பா, இந்தக் கல்யாணம் நடக்காது" என்று சொல்லிவிட்டுப் போனதை அவனிடம் எப்படிச் சொல்வது? இன்னும் ஒரு திருத்தம் இருக்கிறது என்று புளுகிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் அதே அழைப்பிதழின் புரூஃபை நம் வீட்டில் ஐந்து பேர் பார்த்தோம். உன் பெயருக்குப் பின்னால் போட்ட பட்டத்தில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்ததை, நீ கட்டிக்கொள்ளப்போகிற சுபாதான் கண்டுபிடித்தாள். "பார்த்தியாப்பா, அவ கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்று நீயே பெருமைப்பட்டாய். அச்சுக்காரனைப் போனில் கூப்பிட்டுக் கத்தவும் செய்தாய். அழைப்பிதழில் தப்பைப் பிடித்தபோது கெட்டிக்காரியாக இருந்தவள், நாலே நாளில் உன் வேலையில் தப்பைப் பிடித்ததும் ஆகாதவளாகிவிட்டாள். இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நீ சொன்னதைத் திரும்ப உனக்கே சொல்கிறேன். நான் புரிந்துகொண்டது சரியா என்று பார்த்துக்கொள். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற இயந்திரம் ஒன்று. அதை ஓட்டுகிற சாஃப்ட்வேரை உன் ஆட்கள் எழுதுகிறார்கள், நீ அவர்களுக்குத் தலைவன். சுபா அதைச் சோதிக்கிற பிரிவில் இருக்கிறாள். நர்ஸ் அவசரத்தில் ஓர் அளவைப் போட்டு, உடனே அழித்து, வேறோர் அளவைப் போட்டால், திரையில் புது அளவு தெரிகிறது. இயந்திரம் மட்டும் சில சமயம் பழைய அளவிலேயே ஓடுகிறது. சுபா இதைக் கண்டுபிடித்து, சரிசெய்யாமல் வெளியே விடக் கூடாது என்றாள். நீ, "அது யாரும் போகாத மூலை, அடுத்த அப்டேட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்றாய். அவள் தலையைத் தாண்டி மேனேஜரிடம் போய் அனுமதியும் வாங்கினாய். அவள் எல்லாருக்கும் மெயில் போட்டு அதை நிறுத்திவிட்டாள். அது வெளியானதும் நீ போகவிருந்த ஜெர்மனிப் பயணம் தள்ளிப்போனது. "கட்டிக்கப்போறவனையே அம்பது பேர் முன்னாடி அசிங்கப்படுத்திட்டாப்பா" என்று என்னிடம் சொன்னாய். அந்த மருந்து யார் கையில் ஏறப்போகிறது என்பதைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"டெஸ்டிங் என்ன பெரிய வேலையாப்பா? நாங்க செய்யறதுல குத்தம் கண்டுபிடிக்கிறது. செய்யத் தெரியாதவங்க செய்யற வேலை" என்றும் சொன்னாய். அந்த இடத்தில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. நீ சொன்னது தப்பு என்பதற்காக மட்டுமில்லை. அம்பர்நாத்தில் கெமிக்கல் டேங்கும் அழுத்தக் கலனும் செய்கிற பட்டறையில் முப்பது வருஷம் வெல்டராகவும் ஃபோர்மனாகவும் இருந்த நான், இதே வார்த்தையை இதே தொனியில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். என் வாயிலிருந்து எடுத்துப் பேசுகிற மாதிரி நீ பேசினாய்.

எங்கள் பட்டறையில் சோதனைக்குப் பொறுப்பாக இருந்தவர் கரீம் பாய். மேலப்பாளையத்துக்காரர். கலன் செய்து முடித்ததும் அவரிடம் போகும். எல்லா வாய்களையும் கனமான தகடு வைத்து போல்ட் போட்டு மூடி, உள்ளே நிறையத் தண்ணீர் நிரப்பி, அது வாழ்நாளில் தாங்கவேண்டிய அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றுவார். சுற்றிக் கயிறு கட்டி எங்களை வெளியே நிறுத்திவிடுவார். அரை மணி நேரம் முள் அசையாமல் நிற்க வேண்டும். எங்காவது கசிந்தால், அந்த இணைப்புக்குப் பக்கத்தில் எந்த வெல்டரின் நம்பர் குத்தியிருக்கிறது என்று பார்த்து அவனைக் கூப்பிடுவார். திட்டுவதற்காகக் கூப்பிட மாட்டார். கசியவிட்ட வெல்டருக்குத்தான் அன்றைக்கு முதல் சாய், அதுவும் அவர் கையால். "இங்கயே கசிஞ்சிட்டுல்லா, சந்தோசம். பார்ட்டி வீட்டுல போய்க் கசிஞ்சா என்னல செய்வ?" என்பார். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே குடிப்பார்கள். எனக்கு ஒருமுறை அந்தக் கிளாஸ் வந்தது. எல்லார் முன்னாலும் என்னை அசிங்கப்படுத்துகிறார் என்று நினைத்து, அதைத் தரையில் ஊற்றிவிட்டேன். அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் அவரோடு நான் முகம்கொடுத்துப் பேசவில்லை. ஒரே ரயிலில் சயானில் ஏறுவோம், ஒரே ஸ்டேஷனில் இறங்குவோம், நான் வேறு பெட்டியில் போவேன்.

நீ உடனே சொல்வாய், "அப்பா, இரும்பு வேற, சாஃப்ட்வேர் வேற" என்று. வேறுதான். எப்படி வேறு என்று சுபா எனக்குச் சொல்லிக்கொடுத்தாள், நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய வாரம், நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். நீயும் இருந்தாய், போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எங்கள் கலன் நூறுக்குத் தாங்கினால் எண்பதுக்குத் தாங்கும், அறுபதுக்கும் தாங்கும், தனித்தனியாகப் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் தொழிலில் நூறு சரியாக வந்தால் தொண்ணூற்றொன்பது சரியாக வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லையாமே! எங்களுக்குத் தகட்டின் கனத்தைக் கணக்குப் போடப் புத்தகம் இருக்கிறது. போட்ட கணக்குக்கு மேலே கொஞ்சம் கூடுதல் கனமும் கொடுப்போம், யாராவது கொஞ்சம் சொதப்பினாலும் அது காப்பாற்றும். உங்களுக்கு அந்தக் கூடுதல் கனம் கிடையாது. ஓர் எழுத்து தப்பினால் மொத்தமும் தப்பு. இரும்பு போகப்போகிறது என்றால் வீங்கும், முனகும், ஓரத்தில் ஈரம் காட்டும். உங்கள் சரக்கு கடைசி நொடி வரைக்கும் சிரித்த முகமாகவே இருக்குமாம். சோதனை முடிந்த கலனில் ஒரு சின்னக் கொக்கியை ஒட்டவைத்தால்கூட நாங்கள் மறுபடி தண்ணீர் நிரப்ப வேண்டும். நீங்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வயிற்றைக் கிழித்துத் தைத்து வெளியே அனுப்புகிறீர்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அன்றைக்கு நான் அவளிடம், "அப்போ உங்க தொழில்ல சோதனைக்காரங்கதான் முதலாளி மாதிரி இருக்கணுமே!" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "உங்க பையன் கிட்ட சொல்லுங்க மாமா" என்றாள். நீ தலையை நிமிர்த்தக்கூட இல்லை. எனக்கு இதில் ஆத்திரம் வருவது எதற்கு என்றால், உங்களுக்கு இருக்கிற வசதி எங்களுக்கு இருந்ததில்லை. நாங்கள் ஒரு சோதனை செய்ய ஒரு நாள் போகும், டேங்கர் தண்ணீர் போகும், சில சமயம் செய்த பொருளே போகும். நீ சாய் குடித்து முடிப்பதற்குள் ஆயிரம் சோதனை ஓட்டலாம், ஒரு பைசாப் பொருளும் உடையாது. அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதை, நேரமில்லை, தேதி போட்டாயிற்று என்று ஒதுக்குகிறாய். வாங்குகிறவனே சோதித்துச் சொல்லட்டும் என்கிறாய். இங்கே வாங்குகிறவன் படுக்கையில் மயங்கிக் கிடக்கிறான். அவன் எப்படிச் சொல்வான்?

நேற்று நான் செம்பூரில் சுபா வீட்டுக்குப் போனேன். உன்னிடம் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்பாய். சுபாவின் அப்பா டிராம்பேயில் வேலைக்குப் போயிருந்தார், அவள் அம்மாவும் அவளும் இருந்தார்கள். அவள் கண் வீங்கியிருந்தது. லீவு போட்டிருக்கிறாளாம். உன்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. "நான் மெயில் போடறதுக்கு முன்னாடி மூணு தடவை தனியா சொன்னேன் மாமா. நீ என் சைடா, கம்பெனி சைடான்னு கேக்கறாரு. மத்லப், அப்படின்னா பேஷன்ட் சைடுன்னு ஒண்ணு இல்லவே இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். அவளைச் சமாதானப்படுத்தலாம் என்று, நானும் இந்த மாதிரி ஆள்தான், சோதனைக்காரரை மதிக்காமல் அடிபட்டுத்தான் திருந்தினேன் என்று தங்கராஜ் மாமா கதையைச் சொன்னேன். உனக்குத் தெரிந்த கதைதான். கல்யாணில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற தங்கராஜ் மாமா, இடது காலை இழுத்து இழுத்து நடப்பாரே, அவருக்கு அடிபட்ட கதை.

நீ கேட்டு வளர்ந்த மாதிரியே அவளிடமும் சொன்னேன். மே மாதம், கரீம் பாய் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். கலனை ஏற்றிப்போக லாரி வாசலில் நிற்கிறது. தண்ணீர் டேங்கர் வரவில்லை. காற்றை ஏற்றிச் சோதித்துவிடலாம் என்று நான் முடிவெடுத்தேன். தண்ணீரை அமுக்க முடியாது. எங்காவது விட்டால் கொஞ்சம் பீய்ச்சும், முள் இறங்கிவிடும், அவ்வளவுதான். காற்று அமுங்கி அமுங்கி உள்ளே உட்கார்ந்திருக்கும், வழி கிடைத்தால் மொத்தமாகப் பாயும். இது எனக்குத் தெரியும். கரீம் பாய் நூறு தடவை சொன்னது. ஆனாலும் அவர் இல்லாமலே என்னால் முடியும் என்று காட்ட வேண்டியிருந்தது. வாயை மூடியிருந்த தகடு பிய்த்துக்கொண்டு பறந்து, ஃபிட்டர் தங்கராஜின் இடுப்பில் அடித்தது. போல்ட்டை அவன் சரியாக இறுக்கவில்லை, அதுதான் காரணம். தகடு தோசை மாதிரி மடிந்து சுவரோரம் கிடந்தது. இப்படித்தான் இருபத்தாறு வருஷமாகச் சொல்லிவருகிறேன். பட்டறை முதலாளியிடம் அப்படித்தான் சொன்னேன், அவரும் அதோடு விட்டுவிட்டார். உன் அம்மாவிடமும் உன்னிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

சுபா முழுசாகக் கேட்டாள். பிறகு, "மாமா, போல்ட் லூஸா இருந்தா ஓரத்துல காத்து லீக் ஆகும். தகடு ஏன் மடங்கணும்?" என்றாள்.

இத்தனை வருஷத்தில் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. முதலாளி கேட்கவில்லை. ஊரிலிருந்து திரும்பி வந்த கரீம் பாய் கேட்டிருப்பார், ஆனால் அவருக்குக் காட்ட அந்தத் தகடு அங்கே இல்லை. இரும்பே தொடாத பெண், செம்பூரில் ஒரு சோபாவில் உட்கார்ந்துகொண்டு ஒரே கேள்வியில் அதைப் பிடித்துவிட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் மேல் பாய்ந்தேன். "கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பட்டன் தட்டுத ஒனக்கு இரும்பைப் பத்தி என்னம்மா தெரியும்? முப்பது வருஷம் சோலி பார்த்தவன் சொல்லுதேன்லா!" என்று கத்திவிட்டேன். அவள் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்தாள். சமாதானம் பேசப் போன மனுஷன் நான், பிரபு. சுபா, "சரி மாமா" என்றாள். ஆனால் பார்வையை எடுக்கவில்லை. நீ அவளிடம் எப்படிக் கத்தியிருப்பாய் என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்தது, ஏனென்றால் நானும் அதே மாதிரி கத்தி முடித்திருந்தேன்.

அதனால் உண்மையை அவளிடம் சொன்னேன், இப்போது உனக்கும் எழுதுகிறேன். சோதனைக்கான கனத் தகடுகள் கரீம் பாய் அறையில் பூட்டியிருந்தன, சாவி அவரிடம். வேறு பட்டறையில் கேட்டுத் தகடு வாங்கியிருக்கலாம், பூட்டை உடைத்திருக்கலாம், லாரியைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். நான் பக்கத்தில் கிடந்த மெல்லிய தகட்டை வெட்டி, வாய் அளவுக்கு வட்டமாக்கி, துளை போட்டுத் தங்கராஜிடம் கொடுத்தேன். சோதனைக்குத் தகடு மாட்டுவது எப்போதும் கரீம் பாய்தான், எவ்வளவு கனம் வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. அவன் எட்டு போல்ட்டையும் ஒழுங்காகத்தான் இறுக்கினான். நான் பார்த்தேன். அன்றைக்கு அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் நான்தான், மறுநாள் காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து அந்தத் தகட்டைப் பழைய இரும்புக் குவியலில் போட்டதும் நான்தான். ஒரு வாரம் கழித்து அவனுக்குப் பேச்சு வந்ததும், "எண்ணே, நான் சரியாத்தான் இறுக்குனேன்னு நெனைக்கேன். எப்படித் தவறுச்சுன்னு தெரியலண்ணே" என்றான். நான், "வுடுல, ஆளு பொழைச்சதே பெருசு" என்றேன். அவன் என்னைக் கும்பிட்டான். கூடப்பிறந்த அண்ணன் மாதிரி பார்த்துக்கொண்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். கடையைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று தடவை இழுத்துப்பார்ப்பான், கவனித்திருக்கிறாயா? "நமக்குக் கை சுத்தம் இல்ல தம்பி, ஒருக்கா பட்டாச்சு" என்று உன்னிடமே சொல்லியிருக்கிறான். நீ சிரித்தாய். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன்.

எழுதிவிட்டு இந்தப் பத்தியை நானே ஒரு தடவை படித்துப்பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. பக்கத்தில் இருந்து படித்துக்கொண்டிருந்த உன் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்ததும் வாங்கிக்கட்டிக்கொள்கிறேன்.

தப்பு எல்லாரும் செய்வோம். நல்ல வெல்டர் கையிலும் கசியும். உன் ஆட்கள் எழுதியதில் ஒரு தப்பு இருந்தது என்பது எனக்குப் பெரிய விஷயமாகவே படவில்லை. கண்டுபிடித்தவள் மேல் உனக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தக் கோபம் எனக்கும் இருந்தது. அதனால்தான் கரீம் பாய் இல்லாத நாளாகப் பார்த்துக் காற்றை ஏற்றினேன். அப்புறம் ஒரு மனுஷனின் காலைப் பறித்ததோடு நிற்காமல், அது அவன் தப்பு என்று அவனையே நம்பவைத்தேன். நீ அவ்வளவு தூரம் போக மாட்டாய் என்று சொல்லாதே. நானும் அப்படிப் போகக்கூடிய ஆள் என்று அன்றைக்குக் காலையில் எனக்குத் தெரியாது. கல்யாணம் வேண்டாம் என்றால் வேண்டாம், உன் வாழ்க்கை. வேறு ஏதாவது காரணம் இருந்தால் சொல், நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் இந்தக் காரணத்துக்காக நீ சுபாவை விட்டால், இனி உன் வீட்டில் உன் தப்பைச் சொல்ல ஆளே இருக்காது. என் வீட்டில் இருந்ததில்லை. உன் அம்மாவை நான் அப்படி இருக்க விட்டதில்லை.

சுபா கடைசியாகக் கேட்டதைச் சொல்லி முடிக்கிறேன். நான் எல்லாவற்றையும் சொன்ன பிறகு, நீங்கள் இப்படிச் செய்யலாமா என்று அவள் கேட்கவில்லை. அழவும் இல்லை. "தங்கராஜ் மாமாவுக்கு இது தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். அவள் எழுந்து போய் எனக்குச் சாப்பாடு போட்டாள்.

நாளைக் காலையில் முதல் லோக்கலில் கல்யாணுக்குப் போகிறேன். தங்கராஜ் கடை திறப்பதற்குள் அங்கே இருக்க வேண்டும். அவன் என்னை அடித்தாலும் அடிப்பான், முகத்தில் முழிக்காதே என்றாலும் சொல்வான். உன் கல்யாணத்துக்கு அவன் வராமல் போகலாம். அவன் பிள்ளைகள் என்ன சொல்வார்களோ தெரியாது. எனக்கு அங்கே போக இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது. நீ இதைப் படித்ததும் செம்பூருக்குப் போ.

உன் அப்பா